ஆறு பொத்தான்களும் ஓர் ஊசலும்

மேலே, கீழே, முன்னே, பின்னே, இடம், வலம். தொழிற்சாலைக் கூரைக்கடியில் ஓடும் பாரந்தூக்கியிலிருந்து தொங்குகிற மஞ்சள் பெட்டியில் இவ்வளவுதான் இருக்கும். கூடவே, உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வசதியாக ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துவதற்கு. புதிதாக வேலைக்கு வந்த இளைஞன் பத்து நிமிடத்தில் இதைக் கற்றுக்கொண்டுவிடுவான். மேற்பார்வையாளரும் 'தம்பிக்கு கிரேன் ஓட்டத் தெரியும்' என்று முடிவு கட்டிவிடுவார். என்னைக் கேட்டால், இந்த இயந்திரத்தின் ஆகப் பெரிய ஆபத்து அந்தப் பத்து நிமிடம்தான்.

மாசாய்க்காரர்களுக்கு இந்தப் பெட்டியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஜொகூர் பாருவுக்கும் பாசீர் கூடாங்குக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது. பாசீர் கூடாங்கின் கப்பல் கட்டும் தளத்துக்கான நிறுவனம் 1973-இல் உருவானது. 1977-இல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. பிறகு செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உருக்காலை, இரசாயனத் தொழிற்சாலைகள், கிழக்கே தஞ்சோங் லங்சாட் என்று வரிசையாக வந்து சேர்ந்தன. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு இந்தத் தொழிற்சாலைகளில்தான் முதல் சம்பளம். இன்னும் பலர் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே கிளம்பி, பாலத்தைக் கடந்து சிங்கப்பூரின் பட்டறைகளுக்கும் கப்பல் தளங்களுக்கும் போகிறார்கள். இவர்களில் எத்தனையோ பேர் ஒரு நாளைக்கு ஒருமுறையாவது அந்தப் பெட்டியைக் கையில் பிடிக்கிறார்கள், அல்லது அதைப் பிடித்திருப்பவருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

பாரந்தூக்கி ஓட்டுவது ஒருகாலத்தில் தனித் தொழிலாக இருந்தது. பழைய செம்பனை ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். பழக்குலைகளைத் தள்ளுவண்டிக் கூண்டுகளில் நிரப்பி, நீளமான உருளைக் கலத்துக்குள் தள்ளி, 3 பார் அழுத்தத்தில், ஏறத்தாழ 140 பாகை வெப்பத்தில், ஒன்றரை மணி நேரம்போல் நீராவியில் வேகவைப்பார்கள். வெந்த பழங்களோடு ஆவி பறக்க வெளியே வரும் கூண்டைக் கொக்கியில் மாட்டித் தூக்கி, மேலே கொண்டுபோய், குலையிலிருந்து பழத்தை உதிர்க்கும் இயந்திரத்தின் வாயில் கவிழ்க்க வேண்டும். கூண்டின் எடை டன் கணக்கில். இதைச் செய்பவர் மேலே ஒரு சிறு அறையில் உட்கார்ந்திருப்பார். அந்த இருக்கைக்கு வர வேண்டுமானால் பழையவர் ஒருவர் பக்கத்தில் மாதக்கணக்கில் இருந்து பழக வேண்டும். ஏறி உட்கார ஏணி இருந்தது, அறைக்குக் கதவு இருந்தது, யாரும் போகிற போக்கில் எட்டி இயக்கிவிட முடியாது. இந்தத் தடைகளைப் பாதுகாப்புக்காக யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை; ஆனாலும் அவை பாதுகாப்பாகவே வேலை செய்தன.

கட்டுப்பாட்டுப் பெட்டி தரைக்கு இறங்கி வந்ததும், பிறகு அதுவே கம்பியில்லா ரிமோட் ஆனதும் அந்தத் தடைகள் மறைந்தன. தரையில் நிற்பவருக்குச் சுமை கிட்டத்தில் தெரிகிறது என்பது உண்மையான நன்மைதான். ஆனால் ஓட்டுநர் என்று ஒருவர் இல்லாமல் போனார். பற்றவைப்பவர், லேத் ஓட்டுபவர், கிடங்குக்காரர் எல்லாரும் தேவைப்படும்போது ஓட்டுகிறார்கள். ஓட்டுநருக்கென்று இருந்த கண்ணும் கையும் பழகிய அறிவு இப்போது பயிற்சி வகுப்பிலிருந்துதான் வர வேண்டும். அந்த வகுப்பு பெரும்பாலும் ஆறு பொத்தான்களைச் சொல்லிக்கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. பொத்தானில் எழுதப்படாத பாடங்களைத்தான் இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்கிறது.

முதல் பாடம், ஊசல்.

கூரையின் இரு பக்கத் தண்டவாளங்களுக்கும் குறுக்கே ஓர் உத்தரம் ஓடுகிறது. உத்தரத்தின் மேல் ஒரு வண்டி. அதிலிருந்து கம்பிவடத்தில் கொக்கி. கொக்கியில் ஒரு சுமையை மாட்டிய கணத்திலேயே அது ஊசலாகிவிடுகிறது. ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும் நேரம் வடத்தின் நீளத்தையும் புவியீர்ப்பையும் மட்டுமே பொறுத்தது. ஊஞ்சலில் குழந்தை இருந்தாலும் பெரியவர் இருந்தாலும் தாளம் மாறாததைப் பார்த்திருப்பீர்கள், அதே கணக்குதான். வண்டியிலிருந்து சுமையின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 2 விநாடி. 4 மீட்டர் என்றால் 4 விநாடி. 9 மீட்டர் என்றால் 6 விநாடி. அரை டன்னோ ஐந்து டன்னோ, கணக்கு மாறாது.

இப்போது 9 மீட்டர் வடத்தில் ஒரு சுமை, ஆடாமல், நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகமான நடையைவிடக் குறைவுதான். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிடுகிறீர்கள். வண்டி நிற்கிறது, சுமை நிற்பதில்லை. ஏறத்தாழ 64 செண்டிமீட்டர் முன்னே போய், அதே அளவு பின்னே வந்து, மொத்தம் ஒன்றேகால் மீட்டர் அகலத்துக்கு வீசியாடுகிறது. காற்றுத் தடையும் வடத்தின் உராய்வும் இதை நிறுத்தப் பல நிமிடங்கள் பிடிக்கும். அவ்வளவு நேரம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. இரண்டில் ஒன்று நடக்கும்: ஓட்டுபவர் எதிர்ப் பொத்தானை அழுத்துவார், அல்லது உதவியாள் கையை நீட்டிச் சுமையைப் பிடிப்பார்.

எதிர்ப் பொத்தான் எல்லாருக்கும் இயல்பாக வருவது. சுமை முன்னே ஓடுகிறது, ஆகவே பின்னே இழுப்போம் என்று மனம் சொல்கிறது. ஆனால் முன்னே போன சுமைக்கு மேலிருக்கும் வண்டியைப் பின்னே நகர்த்தினால் இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடும், ஆட்டம் வலுக்கும். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். சுமை முன்னே போகும்போது வண்டியையும் முன்னேயே நகர்த்த வேண்டும். சுமை தன் வீச்சின் கடைசிக்கு வந்து ஒரு கணம் தயங்குமே, அந்த நொடியில் வண்டி அதன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். வடம் செங்குத்து, சுமையின் வேகம் பூஜ்யம், ஆட்டம் முடிந்தது. நல்ல ஓட்டுநர்கள் இதை யோசித்துச் செய்வதில்லை. கை செய்துவிடுகிறது. புதியவருக்கு அரை நாள் வெறும் கொக்கியோடும், இன்னோர் அரை நாள் ஒரு வாளித் தண்ணீரோடும் இதைப் பழக்கினால், அது எத்தனை மணி நேரச் சுவரொட்டி விளக்கத்துக்கும் மேலானது.

இன்னும் அழகான ஒரு வழி இருக்கிறது. ஆட்டம் வந்தபின் அடக்காமல், வராமலே நிறுத்துவது. வேகத்தைச் சட்டென்று பாதியாகக் குறையுங்கள். ஓர் ஆட்டத்தின் பாதி நேரம், நமது 9 மீட்டர் வடத்துக்கு 3 விநாடி, அதே பாதி வேகத்தில் போக விடுங்கள். பிறகு முழுதாக நிறுத்துங்கள். முதல் குறைப்பு எழுப்பிய ஆட்டத்தை இரண்டாவது குறைப்பு அப்படியே அழித்துவிடும். மூன்றாவது விநாடியின் முடிவில் சுமை வண்டிக்கு நேர் கீழே, தரையை வைத்துப் பார்த்தால் அசைவே இல்லாமல் இருக்கும். அந்த நொடியில் வண்டியும் நின்றால் ஆடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. அமெரிக்கப் பொறியாளர் ஓட்டோ ஸ்மித் 1950-களின் இறுதியில் இந்த உத்தியைக் கணிதமாக எழுதினார். இன்று ஆட்டம் தடுக்கும் மின்னணுக் கருவியோடு வரும் பாரந்தூக்கிகள் பலவற்றில் ஓடுவது இந்தக் கருத்தின் வளர்ச்சிதான். ஸ்மித்தின் பெயரையே கேள்விப்படாத ஓட்டுநர்களும் இதைப் பழக்கத்தில் கண்டடைந்து செய்கிறார்கள்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு. இரட்டை வேகப் பொத்தான் உள்ள பாரந்தூக்கிகளில் மெதுவேகம் பெரும்பாலும் பாதி வேகமாக இருக்காது. கால் பங்கு என்பது சாதாரணம். அப்படியானால் மேற்சொன்ன முறையில் பாதி ஆட்டம் மிஞ்சும். அதை ஒரு சிறு தட்டலில் பிடித்துக்கொள்ளலாம். முக்கியமானது வேறு: இப்படி நிறுத்த இடம் வேண்டும். நமது கணக்கில் அந்த 3 விநாடியில் வண்டி இன்னும் 1 மீட்டர் போகும். ஆகவே ஒரு மீட்டர் முன்பே தொடங்க வேண்டும். எங்கே நிற்கப் போகிறோம் என்பதைத் தூக்குவதற்கு முன்பே தீர்மானிக்காதவரால் இதைச் செய்ய முடியாது.

இனி, கையை நீட்டிப் பிடிப்பவர். ஊசலில் உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் சாய்வாக இழுக்கும்போது. கொக்கி சுமைக்கு நேர் மேலே வர வழியில்லை. ஒரு தூண் மறிக்கிறது, அல்லது தண்டவாளம் அதோடு முடிந்துவிட்டது. 'கொஞ்சம்தானே' என்று கொக்கியைச் சாய்த்து இழுத்து மாட்டுகிறார்கள். 9 மீட்டர் வடத்தில் 10 பாகை சாய்வு என்பது ஒன்றரை மீட்டர் தள்ளி மாட்டுவது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. தரையைப் பிடித்திருக்கும் உராய்வு விடுபட்ட நொடியில் சுமை அந்த ஒன்றரை மீட்டரையும் கடந்து பாயும். வண்டிக்கு நேர் கீழே வரும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர். நடக்கிற வேகம்தானே என்று தோன்றலாம். சுமை 2 டன் என்றால், அதை 10 செண்டிமீட்டர் தூரத்துக்குள் நிறுத்த 2.7 டன் எடைக்குச் சமமான விசை தேவை. சுவருக்கும் சுமைக்கும் நடுவில் நிற்கும் மனிதனின் மார்பு அந்தப் பத்து செண்டிமீட்டர்தான்.

சாய்வாக இழுத்தால் சுமை மட்டும் பாய்வதில்லை. மேலே உருளையில் பள்ளம் பள்ளமாக ஒழுங்காகச் சுற்றிக்கொள்ள வேண்டிய வடம், பள்ளம் தாண்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கும். அந்தக் காயம் இன்றைக்குத் தெரியாது. அடுத்த மாதம், நேராகத் தூக்குகிற வேறொருவர் தலைக்கு மேல் தெரியும்.

எடையைப் பற்றி இரண்டு பத்தி போதும். பாரந்தூக்கியின் உத்தரத்தில் அதன் பாதுகாப்பான பளு எழுதப்பட்டிருக்கும், 5 டன் என்றோ 10 டன் என்றோ. ஆனால் தரையில் கிடக்கும் பொருளில் அதன் எடை பெரும்பாலும் எழுதியிருக்காது. உருக்கின் ஒரு கனமீட்டர் 7.85 டன் என்ற ஒரே எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் பட்டறையின் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைக்கும். 6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு தகடு 1.77 டன். கைத்தொலைபேசியில் அரை நிமிடக் கணக்கு. 'பார்த்தால் ஒரு டன் இருக்கும்' என்று சொல்பவர் முக்கால் டன் தவறுகிறார்.

சுமையைக் கட்டும் பட்டைகளுக்கு நிறம் உண்டு. ஐரோப்பியத் தரப்படி ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. நிறத்தை மனப்பாடம் செய்தவர்கள் மறப்பது கோணத்தை. 2 டன் சுமையை இரண்டு பட்டைகளில் செங்குத்தாகத் தூக்கினால் ஆளுக்கு 1 டன். பட்டைகள் சாய்ந்து, கிடைமட்டத்தோடு 60 பாகை கோணத்தில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 1.15 டன். 45 பாகையில் 1.41. 30 பாகையில் 2 டன். அதாவது இரண்டு பட்டை கட்டியும் ஒவ்வொன்றும் முழுச் சுமையைத் தாங்குகிறது. 15 பாகையில் 3.86 டன், ஏறக்குறைய நான்கு மடங்கு. கோணமானி தேவையில்லை. பட்டையின் நீளமும், சுமையில் மாட்டிய இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரமும் ஒன்றாக இருந்தால் அது சமபக்க முக்கோணம், கோணம் 60. பட்டை அதைவிடக் குட்டையாக இருந்தால் வேறு பட்டை தேடுங்கள். வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைவதைவிட, நடுவே ஓர் எடைமானியை மாட்டி, கோணம் விரிய விரிய எண் ஏறுவதைக் காட்டினால் ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார்.

கம்பிவடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்லாமல் போக மனமில்லை. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாதுவைச் சங்கிலியால் மேலே இழுத்தார்கள். சங்கிலிகள் முன்னறிவிப்பு இல்லாமல் அறுந்தன. சுரங்க அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட் இதை ஆராய்ந்தார். ஒரே ஒரு முறை அதிக எடை ஏற்றுவதால் மட்டுமல்ல, அளவான எடையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதாலும் இரும்பு களைத்துப்போகிறது என்று கண்டவர்களில் அவர் முன்னோடி. சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போயிற்று. 1834-இல் அவர் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கி, கிளவுஸ்தால் நகரின் சுரங்கத்தில் பயன்படுத்தினார். வடத்தில் ஒரு கம்பி அறுந்தால் மற்றவை பிடித்துக்கொள்ளும். அறுந்த முனை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சாவதற்கு முன் எச்சரிக்கை கொடுக்கும் பொருள் அது.

அந்த எச்சரிக்கையைப் பார்க்க ஒரு கண் வேண்டும். அமெரிக்கத் தரம் ஒன்று, வடத்தின் ஒரு முறுக்கு நீளத்துக்குள் 12 கம்பிகள், அல்லது ஒரே புரியில் 4 கம்பிகள் அறுந்திருந்தால் வடத்தைக் கழித்துவிடச் சொல்கிறது. கையுறையோடு, ஒரு துணியைச் சுற்றி, வடத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் துருத்தும் முனை துணியைப் பிடிக்கும். தவறாமல் செய்ய வேண்டியவை வேறு இரண்டு. காலையில் வேலை தொடங்குமுன் வெறும் கொக்கியை மெதுவாக மேலே ஏற்றி, உச்சியில் லிமிட் சுவிட்ச் நிறுத்துகிறதா என்று பார்ப்பது ஒன்று. அது நிறுத்தாவிட்டால் கொக்கிக் கட்டை உருளையில் மோதி வடம் அறுந்து எல்லாம் கீழே வரும். நாள் முழுக்க அந்தச் சுவிட்சையே நிறுத்தும் பொத்தானாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்; கடைசிக் காவலை வாசல்காரனாக்குகிற வேலை அது. மற்றது, ஒவ்வொரு கனமான சுமையையும் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்திப் பார்ப்பது. பிரேக் பிடிக்கிறதா, சுமை சாய்கிறதா, பட்டை வழுக்குகிறதா என்று மூன்று கேள்விக்கும் அந்த ஒரு சாணில் விடை உண்டு. பட்டை இறுகும் அந்த முதல் விநாடிகளில்தான் விரல்களும் நசுங்குகின்றன. கையை எடுத்தாயிற்றா என்று பார்க்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது.

இனி நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருகிறேன்: இடமும் வலமும். பெட்டியில் இடப்பக்க அம்பை அழுத்தினால் பாரந்தூக்கி எந்தப் பக்கம் போகும்? நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுமையைச் சுற்றி நடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றதும் உங்கள் இடம் அதன் வலம் ஆகிவிடுகிறது. அவசரம் இல்லாதபோது மூளை இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும். அவசரத்தில் போடாது. பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1953-இல் சீகர் என்பவருடன் சேர்ந்து ஒரு சோதனையை வெளியிட்டார். விளக்குகள் எரியும் அமைப்பும் கை நகர வேண்டிய அமைப்பும் ஒத்துப்போனால் மனிதர்கள் விரைவாகவும் பிழையின்றியும் செயல்பட்டார்கள். ஒத்துப்போகாதபோது தடுமாறினார்கள். வாரக்கணக்கில் பழகிய பிறகும் அந்த வேறுபாடு முழுதாக மறையவில்லை.

இந்த முடிவின் அர்த்தம் பயிற்சியாளர்களுக்குக் கசப்பானது: சில தவறுகளைப் பயிற்சியால் போக்க முடியாது, கருவியைத்தான் மாற்ற வேண்டும். மாற்றுவது கடினமும் இல்லை. பெட்டியில் 'இடம்', 'வலம்' என்பதற்குப் பதிலாகச் சிவப்பு அம்பு, நீல அம்பு; உத்தரத்தின் அடியில் அதே சிவப்பு, நீல அம்புகளைக் கீழிருந்து தெரியும்படி பெரிதாகத் தீட்டிவிட்டால் போதும். நிற்கும் திசை எதுவானாலும் நிறம் மாறாது. பெயிண்ட் செலவு ஐம்பது வெள்ளிகூட ஆகாது. மலாய், தமிழ், நேபாளி, வங்காளம் என்று நான்கு மொழி பேசுபவர்கள் ஒரே தளத்தில் வேலை செய்கிற பாசீர் கூடாங் போன்ற இடத்தில் நிறமும் கைச்சைகையும்தான் எல்லாருக்கும் பொதுவான பேச்சு. சைகை காட்டுபவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் 'நிறுத்து' என்ற சைகையை மட்டும் யார் காட்டினாலும், துப்புரவு செய்யும் அக்கா காட்டினாலும், ஓட்டுபவர் நிறுத்த வேண்டும்.

பயிற்சியே எட்டாத இடங்களும் உண்டு. சீனாவின் லியாவ்நிங் மாநிலத்தில், தியெலிங் நகரின் உருக்காலையில் 2007 ஏப்ரல் 18 காலை, பாரந்தூக்கியில் போய்க்கொண்டிருந்த ஏறத்தாழ 30 டன் உருகிய எஃகைக் கொண்ட கலன் கீழே விழுந்தது. பணி மாறும் நேரம். பக்கத்து அறையில் கூடியிருந்த தொழிலாளர்கள்மீது எஃகு பாய்ந்தது. 32 பேர் இறந்தனர். உருகிய உலோகத்தைத் தூக்குவதற்கென்று வடிவமைக்காத சாதாரணப் பாரந்தூக்கியை அங்கே பயன்படுத்தியிருந்தார்கள் என்று விசாரணை சொன்னது. பாரந்தூக்கியின் பாதைக்கு அவ்வளவு பக்கத்தில் ஆட்கள் கூடும் அறை இருந்ததும் குற்றமே. ஓட்டுநருக்கு எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்திருந்தாலும் தவறான இயந்திரத்தையும் தவறான அறையையும் அது திருத்தியிருக்காது.

தென் கொரியாவின் கோஜே தீவில் 2017 மே 1-ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, ஒரு பெரிய கப்பல் தளத்தில் 800 டன் திறனுள்ள கோலியாத் பாரந்தூக்கி மற்றொரு பாரந்தூக்கியோடு மோதியது. அந்த மற்றொரு பாரந்தூக்கியின் தூக்குக்கை கீழே ஓய்வு நேரத்துக்குக் கூடியிருந்தவர்கள்மீது விழுந்தது. 6 பேர் இறந்தார்கள், 25 பேர் காயமடைந்தார்கள். இறந்த ஆறு பேருமே ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். இரண்டு பாரந்தூக்கிகளின் ஓட்டுநர்களுக்கும் சைகைக்காரர்களுக்கும் இடையில் பேச்சு ஒழுங்காக இல்லாததே காரணமாகப் பேசப்பட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தேர்ச்சி பெற்றிருக்கலாம். சேர்ந்து பழகியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

இரண்டு விபத்திலும் செத்தவர்கள் பொத்தானை அழுத்தியவர்கள் அல்லர், கீழே நின்றவர்கள். ஆகவே பாரந்தூக்கிப் பயிற்சி என்பதை ஓட்டுபவருக்கு மட்டுமானதாக நினைப்பதே பாதித் தவறு. அந்தக் கூரைக்குக் கீழே நடக்கிற ஒவ்வொருவருக்கும், கணக்கெழுதுபவர் உட்பட, ஒரு மணி நேரப் பாடமாவது வேண்டும்: தொங்கும் சுமைக்குக் கீழே போகாதே, சுமைக்கும் சுவருக்கும் நடுவில் நிற்காதே, அது சாயும்போது பிடிக்கப் போகாதே.

செம்பனை ஆலைகளைப் பார்த்தால் இன்னொரு வழி தெரிகிறது. புதிய ஆலைகள் பலவற்றில் கூண்டைத் தூக்குவதே இல்லை. கூண்டை அப்படியே உருட்டிக் கவிழ்க்கும் இயந்திரம், அல்லது செங்குத்தாக நிற்கும் வேகவைக்கும் கலன். வெந்த பழம் கீழ்வழியாக வந்து ஓடுபட்டையில் போய்விடும். தலைக்கு மேல் சுமை இல்லை என்றால் விழுவதற்கும் ஒன்றும் இல்லை. எந்தச் சுமையைத் தூக்காமலே காரியத்தை முடிக்கலாம் என்று கேட்பது பயிற்சியாளரின் வேலை இல்லை, முதலாளியின் வேலை. அதைக் கேட்காமல் ஆட்களை மட்டும் வகுப்புக்கு அனுப்புவது மலிவான வழி.

மலேசியச் சட்டம் இப்போது முதலாளியின் பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே திரும்பியிருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994-இலேயே வந்தது. தகவல், அறிவுறுத்தல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றைத் தருவது முதலாளியின் கடமை என்று அது சொன்னது. 2022-இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் விடைபெற்றது. முதலாளி தன் பொதுக் கடமையை மீறினால் உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்தது. ஐந்து பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். மாசாயின் சின்னஞ்சிறு பட்டறைகளுக்கும் இது பொருந்தும். பாரந்தூக்கிக்கு அரசின் தகுதிச் சான்றிதழ் தேவை; அதன் பி.எம்.ஏ. பதிவெண் இயந்திரத்தில் தெரிய வேண்டும். பாலத்துக்கு அப்பால், சிங்கப்பூரின் 2011-ஆம் ஆண்டு விதிகள் தூக்குதலுக்கு எழுத்தில் ஒரு திட்டமும், அதை மேற்பார்வையிட ஒருவரும், கட்டுபவர், சைகைக்காரர் என்று தனித்தனிப் பொறுப்புகளும் கேட்கின்றன. இரண்டு நாட்டிலும் மாறி மாறி வேலை பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

திருத்தத்தில் வந்த 26ஏ பிரிவு தொழிலாளிக்கு நேரடியாகச் சொந்தமானது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தைவிட்டு விலகும் உரிமை அவருக்கு உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. பட்டை கிழிந்திருக்கிறது, நான் தூக்கமாட்டேன் என்று சொல்வது இனி அடம் இல்லை. ஆனால் 'மாட்டேன்' என்று சொல்லவும் பழக வேண்டியிருக்கிறது. லாரி வாசலில் நிற்கிறது, மேற்பார்வையாளர் கத்துகிறார், பக்கத்தில் இருப்பவன் 'நான் தூக்குகிறேன், தள்ளு' என்கிறான். அந்த நிலையில் ஒருவர் என்ன சொல்வார் என்பதை எழுத்துத் தேர்வு அளக்காது. நல்ல பயிற்சியாளர் வேண்டுமென்றே ஒரு கிழிந்த பட்டையைக் கொடுத்து, அவசரப்படுத்தி, யார் மறுக்கிறார்கள் என்று பார்ப்பார். மறுத்தவருக்கு மதிப்பெண் கொடுப்பார்.

உங்களையோ உங்கள் பிள்ளையையோ பாரந்தூக்கிப் பயிற்சிக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். கொக்கியில் சுமையை மாட்டி எத்தனை மணி நேரம் ஓட்டவிட்டார்கள்? ஆடும் சுமையை நிறுத்தச் சொன்னார்களா? தூக்கக் கூடாத சுமை ஒன்றையாவது காட்டினார்களா? மூன்றுக்கும் பதில் இல்லை என்றால், கையில் இருப்பது வருகைச் சான்றிதழ். திரும்ப அனுப்பச் சொல்லி நிர்வாகத்திடம் கேளுங்கள். பயிற்சி கொடுப்பது சட்டப்படி அவர்கள் கடமை.